அறுக்க முடியாத கட்டியைச் சுட்டு அழிக்கலாம்: மைக்ரோவேவ் சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்வோம்

"கல்லீரலில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் புற்றுக்கட்டி இருக்கிறது. ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் ஈரல் இல்லை." டாக்டர் இப்படிச் சொன்னதும் பல குடும்பங்கள் இடிந்துபோய் விடுகின்றன. அறுக்க முடியாது என்றால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் அலமாரிக்குப் போகிறது. யாரோ சொன்ன மருந்தைத் தேடிச் சில மாதங்கள் அலைகிறார்கள். அதற்குள் கட்டி வளர்ந்துவிடுகிறது.

சிறிய கட்டியாக இருந்தால், அதை வெளியே எடுக்காமல் உள்ளேயே சூட்டினால் அழிக்க வழி உண்டு. அதில் ஒன்றுதான் மைக்ரோவேவ் அப்லேஷன்.

சூடு எப்படி உண்டாகிறது?

வீட்டில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பில் நெருப்பு இல்லை. ஆனாலும் சோறு சூடாகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் அலைகள் அதில் பாய்கின்றன. உணவில் உள்ள நீர் மூலக்கூறுகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்ப முயன்று ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலே சூடு.

நம் உடம்பிலும் பெரும்பகுதி நீர்தான். எனவே அதே வகை அலையை மெல்லிய ஊசி வழியாகக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிரணுக்கள் உடனே மடிந்துவிடும். வெந்நீரில் முட்டையின் வெள்ளைக்கரு கட்டியாவதைப் போல உயிரணுவிலுள்ள புரதம் உறைந்துவிடுகிறது.

சிகிச்சை நடக்கும் விதம்

மயக்க மருந்து கொடுத்தபின், அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியைக் கட்டிக்குள் கொண்டு போகிறார்கள். ஊசியின் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஓரிடத்தைச் சுட பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம் போதும். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

கட்டியை மட்டும் சுட்டால் போதாது. கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் ஓரத்தில் இருக்கலாம் என்பதால், சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல தசையையும் சேர்த்தே சுடுவார்கள். அதனால் முதல் ஸ்கேனில் அந்த இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். "கட்டி வளர்ந்துவிட்டதே" என்று பதற வேண்டாம். அது சுடப்பட்ட இடம். மாதங்கள் போகப்போகச் சுருங்கித் தழும்பாகும்.

இது கதிர்வீச்சு சிகிச்சையும் அல்ல. சிகிச்சை முடிந்து வந்தவர் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் கெடுதல் இல்லை.

யாருக்குப் பொருந்தும்?

கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் கட்டிகளுக்கே இது அதிகம் பயன்படுகிறது. 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பலன் நன்றாக இருக்கும். கட்டி பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் மிச்சம் நின்றுவிடும் வாய்ப்பு கூடுகிறது. நோய் பல இடங்களுக்குப் பரவிவிட்டால், ஈரல் மிகவும் பழுதடைந்திருந்தால், இரத்தம் உறையும் தன்மை மோசமாக இருந்தால் டாக்டர் வேறு வழியைச் சொல்லலாம்.

மின்சார வெப்பத்தால் சுடும் ரேடியோ அலை சிகிச்சையும் உண்டு. பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் கட்டி இருந்தால், ஓடும் இரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். மைக்ரோவேவ் வேகமாகச் சூடாக்குவதால் இந்தத் தொல்லை குறைவு.

தொந்தரவுகள்

சில நாட்களுக்கு வலி, லேசான காய்ச்சல், அசதி இருக்கலாம். இரத்தக்கசிவு, சீழ் பிடித்தல், அருகிலுள்ள குடல் அல்லது பித்தக் குழாய் சூட்டினால் புண்ணாதல் ஆகியவை அபூர்வமாக நேரலாம். காய்ச்சல் அதிகமானாலோ, குளிர் நடுக்கம், கடும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

1. இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின்). நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.
2. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பது.
3. சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை, முன்பு நடந்த வயிற்று ஆபரேஷன்.
4. சாப்பிட்டு வரும் நாட்டு மருந்துகள்.

கட்டியின் அளவு என்ன, முழுவதும் சுட முடியுமா, ஆபரேஷனோடு ஒப்பிட்டால் எது நல்லது, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். அரசு காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

சிகிச்சையோடு முடிந்துவிடுவதில்லை

கட்டி அழிந்தாலும் அதை உண்டாக்கிய பழுதடைந்த ஈரல் அப்படியேதான் இருக்கிறது. புதிய கட்டி வேறிடத்தில் வரலாம். ஆகவே ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் என்று டாக்டர் சொல்லும் தேதிகளைத் தவற விடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நின்றுவிடுபவர்களே பின்னர் சிரமப்படுகிறார்கள்.

சிறிய ஈரல் கட்டி வலிக்காது. தானாக வெளியே தெரியாது. ஈரல் சுருக்க நோய் உள்ளவர்களும், டாக்டர் கண்காணிக்கச் சொன்ன ஹெபடைடிஸ் பி நோயாளிகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வது அவசியம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அலமாரியில் வைத்த ஸ்கேன் ரிப்போர்ட் ஏதும் இருந்தால், இந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.