நிறம் பிரிந்தால் கலப்படமா?

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது. சோதனைக்கு எடுத்த மாதிரிகளில், துணிக்கு ஏற்றுகிற ரோடமைன் பி சாயம் இருந்ததுதான் காரணம். புதுச்சேரி அதற்குச் சில நாள் முன்பே தடை விதித்திருந்தது. வீட்டிலேயே கலப்படத்தைப் பிடித்துவிடலாம் என்று சொல்லும் வீடியோக்களுக்கும் குறைவில்லை. அவற்றில் உருப்படியானது, பள்ளியில் படித்த தாள் வண்ணப்பிரிகை.

செய்வது எளிது. வடிதாளை நீளவாக்கில் நறுக்கி, அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே பென்சிலால் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், அந்த மையே பிரிந்து மேலேறிக் குழப்பும். பச்சை ஜெல்லி மிட்டாயைச் சில சொட்டு வெந்நீரில் கரைத்து, ஊதுபத்திக் குச்சி முனையால் கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு முறை. டம்ளரில் ஒரு செ.மீ. உயரத்துக்கு உப்புத் தண்ணீர் ஊற்றித் தாளை நிறுத்துங்கள். புள்ளி தண்ணீரில் முங்கக் கூடாது, முங்கினால் சாயம் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் தாளில் ஏற ஏற, தாளோடு ஒட்டுகிற சாயம் பின்தங்கும். தண்ணீரில் நன்றாகக் கரைகிற சாயம் முன்னே ஓடும். சற்று நேரத்தில் பச்சைப் புள்ளி இருந்த தாளில் மஞ்சள் தனியாக, நீலம் தனியாக நிற்கும்.

உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உணவில் சேர்க்க நம் நாட்டில் 8 செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. டார்ட்ரசின் மஞ்சளும் பிரில்லியன்ட் ப்ளூவும் அதில் அடக்கம். இரண்டையும் கலந்துதான் பல மிட்டாய்களுக்குப் பச்சை நிறம் கொடுக்கிறார்கள். ரோஸ் நிறம் ஒரே புள்ளியாக நின்றாலும் அது அனுமதி உள்ள எரித்ரோசினா, அனுமதி இல்லாத ரோடமைனா என்று வீட்டுத் தாள் சொல்லாது. ஆய்வகத்தில் அதே தாளில் பக்கத்திலேயே தெரிந்த சாயங்களையும் ஓடவிட்டு, எது எவ்வளவு உயரம் ஏறியது என்று ஒப்பிடுகிறார்கள். புற ஊதா விளக்கில் ரோடமைன் பளிச்சென்று ஒளிரும். அனுமதித்த நிறமே அளவு மீறியிருக்கிறதா என்பதையும் அங்கேதான் கணக்கிட முடியும்.

மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் விஷயம் வேறு. அவற்றில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்கக் கூடாது. மஞ்சளின் இயற்கை நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால், உப்புத் தண்ணீரோடு மஞ்சள் நிறம் தாளில் ஓடினால் சந்தேகப்பட நியாயம் உண்டு. அதுவும் சந்தேகம்தான், சாட்சியமாகாது.

சாட்சியம் வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவைப் பிடிக்க வேண்டும். பொருள் வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கேட்கலாம். அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். பொருள் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பலரும் கோட்டை விடும் நிபந்தனை ஒன்று இதில் இருக்கிறது: சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தின்று பார்த்து மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனால் இந்தப் பிரிவு கைகொடுக்காது.

அப்படி முகத்துக்கு நேரே சொல்ல எல்லாராலும் முடியாது, குறிப்பாகத் தெருமுனைக் கடையில். அவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அதிகாரியே நேரில் மாதிரி எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைத்து அனுப்புவார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாதுகாப்பற்ற உணவால் உடல்நலம் கெட்டால், அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரையிலும், கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரையிலும் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. இதற்கெல்லாம் பில்லும் மருத்துவச் சீட்டும் வேண்டும். முடிந்தால் அதே பேட்ச் எண்ணுள்ள இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள்.