பாதி போனாலும் மீதி உண்டு

மேல்நிலை வகுப்பில் பயிலும் மகனோ மகளோ உள்ள இல்லங்களில், தேர்வு நெருங்கும் நாட்களில் வேதியியல் பாடம் உரக்க ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ‘ஒரு கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் 8 நாட்கள் எனில், 24 நாட்களுக்குப் பின் எஞ்சியிருப்பது எவ்வளவு?’ என்பது போன்ற கணக்குகள் அப்பாடத்தில் வருவதுண்டு. சூத்திரத்தை மனனம் செய்து, விடையை எழுதி, மதிப்பெண்ணும் பெற்றபின் பிள்ளைகள் அதனை மறந்துவிடுகின்றனர். தேர்வோடு முடிந்துபோகும் கணக்கு என்றே பெற்றோராகிய நாமும் எண்ணுகிறோம். ஆனால் இதே கணக்கோடு தொடர்புடைய ஒரு விபத்தில், நம் நாட்டின் தலைநகரிலேயே ஓர் உயிர் போயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மாயாபுரியில் நடந்தது

தில்லி நகரின் மேற்குப் பகுதியில் மாயாபுரி என்றோர் இடம் உண்டு. பழைய இரும்பு, உலோகச் சாமான்களைப் பிரித்து விற்கும் கடைகள் நிறைந்த பகுதி அது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில், ஆய்வுக்காக, அந்த விபத்துக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் கானடா நாட்டிலிருந்து வாங்கப்பட்ட கருவியொன்று இருந்தது. அதன் உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள். 1985ஆம் ஆண்டிலிருந்து எவரும் அதனைப் பயன்படுத்தவில்லை. 2010ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அக்கருவி பழைய சாமானாக ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரியை அடைந்தது.

அங்கே உழைத்துப் பிழைக்கும் தொழிலாளர்கள் வழக்கம்போல் அதனைப் பிரித்தனர். கதிர்களைத் தடுத்து நிறுத்துவதற்காகவே அமைக்கப்பட்டிருந்த ஈயக் கவசம் அவர்களுக்கு விலைபோகும் உலோகமாகவே தோன்றியது. கவசம் நீங்கியதும், கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற, ஓசையற்ற காமாக் கதிர்கள் அவர்கள் உடலில் பாய்ந்தன. பலர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏப்ரல் மாதத்தில் தொழிலாளி ஒருவர் இறந்தார். தொட்டபோது அது இன்னதென்று அவர் அறிந்திருக்கவில்லை.

நாற்பது ஆண்டுப் பழைய பொருளில் இத்தனை வீரியம் எஞ்சியிருந்தது எவ்வாறு? இதற்கு விடை நம் பிள்ளைகளின் பாடநூலிலேயே இருக்கிறது.

சிதைவு என்பது யாது?

1896ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், யுரேனிய உப்பிலிருந்து தானாகவே ஒருவகைக் கதிர் வெளிப்படுவதைப் பெக்கரல் என்னும் அறிஞர் கண்டார். 1898இல் மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பியரியும் பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தனர். பின்னர் 1902இல், கானடாவின் மாண்ட்ரீல் நகரில் பணியாற்றிய ரூதர்போர்டும் சாடியும் வியப்புக்குரிய ஓர் உண்மையை வெளியிட்டனர். கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் மற்றொரு தனிமமாகவே மாறிவிடுகிறது என்பதே அது. கோபால்ட்-60 சிதையும்போது நிக்கலாக மாறுகிறது. அவ்வேளையில் பீட்டாத் துகளையும் காமாக் கதிர்களையும் வெளியிடுகிறது.

வேதிவினைகளைச் சூட்டினால் விரைவுபடுத்தலாம், குளிரால் தாமதப்படுத்தலாம். கதிரியக்கச் சிதைவோ இவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை. கோபால்ட்டை வெட்டினாலும், உருக்கினாலும், அமிலத்தில் கரைத்தாலும் அதன் கதிரியக்கம் ஒழியாது. காலம் ஒன்றே அதனைத் தணிக்க வல்லது.

புளியங்கொட்டைப் பாடம்

இதனை வீட்டிலேயே பிள்ளைகளுக்கு விளக்கலாம். தாயம் ஆடுவதற்கு நம் பாட்டிமார் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெண்மையாக்குவார்கள் அல்லவா? அவ்வாறு தேய்த்த 64 கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் குலுக்கித் தரையில் போட்டு, வெள்ளைப் பக்கம் மேலாக விழுந்தவற்றை நீக்கிவிடுங்கள். ஏறக்குறைய 32 எஞ்சும். அவற்றை மீண்டும் போட்டால் 16 அளவில் எஞ்சும். அடுத்து 8, அதன்பின் 4.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வீச்சும் ஓர் அரை ஆயுட்காலம். எந்தக் கொட்டை எந்த வீச்சில் வெளியேறும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயினும் மொத்தத்தில் பாதி வெளியேறும் என்று சொல்ல இயலும். அணுக்களும் அத்தகையனவே. ஓர் அணு இக்கணமே சிதையலாம். நூறு ஆண்டுகள் கழித்தும் சிதையலாம். ஆனால் எண்ணிலடங்கா அணுக்கள் கூடியுள்ள இடத்தில் பாதியளவு சிதைவதற்கு ஆகும் காலம் மாறாதது.

பிள்ளைகள் தவறிவிடும் இடமும் இதுவே. ‘ஓர் அரை ஆயுட்காலத்தில் பாதி போயிற்று, எனவே இரண்டாவதில் மீதிப் பாதியும் போய்விடும்’ என்று பலர் எழுதிவிடுகின்றனர். இரண்டாவதில் போவது முழு மீதியன்று, மீதியின் பாதியே. கால்பங்கு நிற்கும், பின்னர் அரைக்கால் பங்கு நிற்கும்.

கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். நாற்பது ஆண்டுகளில் ஏழு அரை ஆயுட்காலங்கள் கழிந்து எட்டாவது நடந்துகொண்டிருக்கும். ஏழின் முடிவில் 128இல் ஒரு பங்கும், எட்டின் முடிவில் 256இல் ஒரு பங்கும் எஞ்சும். ஆக, மாயாபுரியை அடைந்த கோபால்ட்டில் நூற்றில் ஒரு பங்குகூட மீதியில்லை. அந்தச் சிறு மீதியே ஓர் உயிரைக் குடித்துவிட்டது. தொடக்கத்தில் இருந்த அளவு அத்துணைப் பெரிது. எத்தனை பங்கு போயிற்று என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எஞ்சியது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

இதனைப் படித்து, கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்க வேண்டுவதில்லை. அதே கோபால்ட்-60 தன் காமாக் கதிர்களால் எத்தனையோ புற்றுநோயாளரின் வாழ்நாளை நீட்டித்திருக்கிறது. தைராய்டு நோய்க்குத் தரப்படும் அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். 80 நாட்களில் பத்து அரை ஆயுட்காலங்கள் கழிந்து, 1024இல் ஒரு பங்கே எஞ்சும். உடலும் அதனைக் கழிவாக வெளியேற்றுவதால் உண்மையில் அது இன்னும் விரைவாகவே குறைகிறது. எனவே இச்சிகிச்சை பெற்று வீடு திரும்பிய தாயைச் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருக்குமாறு மருத்துவர் கூறினால், அதனை அப்படியே பின்பற்றுங்கள். அவர் குறித்த நாட்கள் கழிந்தபின் அவரை ஒதுக்கி வைப்பதோ அறியாமை. அன்புக்கும் அது பொருந்தாது.

அரை ஆயுட்காலம் நீண்டிருந்தால் ஆபத்தும் மிகுதி என்று எண்ணுவதும் பிழையே. நம் ஒவ்வொருவர் உடலிலும் வாழைப்பழத்திலும் இயற்கையாகவே சிறிதளவு பொட்டாசியம்-40 உண்டு. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்திற்கோ அது 1,400 கோடி ஆண்டுகள். சம எண்ணிக்கை அணுக்களை ஒப்பிட்டால், நீண்ட ஆயுள் உடையது மெதுவாகவே சிதையும். ஒரு நொடியில் அது வெளிவிடும் கதிரும் குறைவாகவே இருக்கும். எனவே பொருள் எது, அளவு எவ்வளவு, கவசம் உண்டா, எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம் என்பவற்றை எல்லாம் சேர்த்தே ஆபத்தைக் கணிக்க வேண்டும்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளை இப்பாடத்தைப் படிக்கும்போது சற்று அருகில் அமருங்கள். மஞ்சள் நிறப் பின்னணியில் மூன்று இலை விசிறி போன்று காணப்படும் கதிரியக்க எச்சரிக்கைக் குறியைக் காட்டிக் கொடுக்கும்படி கேளுங்கள். அக்குறியுள்ள பெட்டியோ கருவியோ பழைய சாமான்களிடையே எங்கேனும் தென்பட்டால், அதைத் தொடாமல், திறக்காமல் விலகி நின்று, காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும். பழைய இரும்புக் கடையில் பணிபுரியும் அண்டை வீட்டாருக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள். மாயாபுரித் தொழிலாளிக்கு அதை எடுத்துச் சொல்ல அன்று எவரும் இல்லை.