உஷார்! கண்டல் நட பஸ் ஏறுமுன்…

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாட்ஸ்அப் அழைப்புகள் மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டன. ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். பழைய மாணவர் சங்கம், கோயில் இளைஞர் மன்றம் என்று ஆளாளுக்கு பஸ் பிடித்துக் கண்டல் நடப் புறப்படுகிறார்கள். நாற்றுக்கு இவ்வளவு என்று காசும் சேர்க்கிறார்கள். கொடுக்குமுன் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு, கண்டல் காடு அலையைத் தடுக்கும் என்று இலங்கைக் கரையெல்லாம் நட்டுத் தள்ளினோம். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை வேலை நடந்தது. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது: தப்பியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு செடிகூட இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்ற மூன்றே இடங்களில்.

பிழை எங்கே? கண்டல் தண்ணீருக்குள் வாழும் மரம் என்று நினைத்துவிட்டோம். வற்று நேரத்தில் அதன் காலடி வெளியே தெரியவேண்டும். எந்நேரமும் மூழ்கிக் கிடக்கும் சேற்றில் நட்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். கண்டலில் ஒரு வகைக்கு விதை முருங்கைக்காய்போல நீண்டிருக்கும். அதைச் சேற்றில் குத்தினால் உடனே நிமிர்ந்து நிற்கும், படத்துக்கும் அழகு. அதனால் பெரும்பாலும் அந்த ஒரு வகையையே நட்டார்கள். அப்படி நட்ட ஒரு களப்போரத்துக்குச் சில மாதம் கழித்துப் போனேன். தண்டெல்லாம் சிப்பி அப்பி, பாசி சுற்றியிருந்தது. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து அழுகியிருந்தது, வேரே விடவில்லை. கரைப்பக்கம் நட்டதை மாடு மிதித்திருந்தது. அங்கே வலை வீசுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எது எந்த மாதம் மூழ்கும் என்று சொல்லியிருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

சேற்று வெளி வெறும் நிலமும் அல்ல. நண்டும் இறாலும் கொக்கும் பிழைக்கும் இடம். 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற நம் கொழும்பின் சதுப்புகளுக்கும் இது பொருந்தும். கண்ட இடத்தில் மரம் நட்டால் அதுவும் அழிவுதான்.

வழி தெரியாமல் இல்லை. சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தாவ சரணாலயத்தில், கைவிட்ட இறால் குளங்களில் தண்ணீர்ப் போக்கைச் சரிசெய்து காட்டை மீட்கிறார்கள். அடைபட்ட வாய்க்கால் திறந்தால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும் இடத்தில் விதை தானே மிதந்து வந்து வேரூன்றும். விஞ்ஞானிகளும் ஊர் மக்களும் சேர்ந்து செய்யும் இலங்கையின் கண்டல் மீட்பை 2024இல் ஐ.நா. உலக முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

ஆகவே அழைப்பவரிடம் கேளுங்கள்: அந்த இடத்தில் முன்பு கண்டல் இருந்ததா? நட்டபின் மூன்று வருடம் பார்க்கப்போவது யார்? பதில் வராவிட்டால் பஸ் ஏறாதீர்கள். அந்தக் காசை, நட்டதைக் காவல் காக்கும் ஊர்ச் சங்கம் ஒன்றுக்குக் கொடுங்கள்.