அரசின் கொள்கையை ஆராயத் தொடங்குதல்: வகுப்புவாரி ஆணையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசின் கொள்கை ஒரே ஆவணத்தில் அடங்கிவிடுவதில்லை. ஆணை, அவை விவாதம், தீர்ப்பு, சட்டத்திருத்தம் எனப் பல ஆவணங்களின் தொடராகவே அது அமைகிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் சான்றாகக் கொண்டு, அத்தொடரை நூலகம், ஆவணக்காப்பகம், இணையம் ஆகியவற்றின் வழியே பின்தொடரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரசாணை, வகுப்புவாரி ஆணை, முதன்மைச் சான்று, ஆவணக்காப்பகம், இட ஒதுக்கீடு.

முன்னுரை

இட ஒதுக்கீட்டு வரலாற்றை எழுதுவோர் பலரும், செண்பகம் துரைராஜனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாகக் குறிப்பிடுவர். உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று வழங்கிய தீர்ப்போ வேறு செய்தியைத் தருகிறது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. தம் வகுப்பின் காரணமாக இடம் கிடைக்காது என விசாரித்து அறிந்து, 1950 ஜூன் 7 அன்று உயர் நீதிமன்றத்தை நாடினார். அரசமைப்பின் முதல் திருத்தத்திற்கு வழிவகுத்த வழக்கிலேயே இத்தகைய பிழை நிலைபெற்றிருப்பது, முதன்மைச் சான்றின் இன்றியமையாமையை உணர்த்துகிறது.

துணைமைச் சான்றின் பயன்

ஆய்வு நூல்களிலிருந்து தொடங்குவதே முறை. ஆனால் அவற்றிலிருந்து ஆய்வாளர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை ஆணையின் எண், நாள், துறை ஆகிய மூன்றுமாகும். ‘வகுப்புவாரி ஆணை’ என்னும் ஒரே பெயர் பல ஆவணங்களைச் சுட்டுவதே இதற்குக் காரணம். 1921ஆம் ஆண்டின் 613ஆம் எண் ஆணை, வருவாய்த் துறையில் முன்பே இருந்த நெறியைப் பிற துறைகளுக்கும் விரித்தது. பன்னிரண்டு பணியிடங்களை வகுப்புவாரியாகப் பகிரும் முறை 1927ஆம் ஆண்டின் 1071ஆம் எண் ஆணையில்தான் வருகிறது. செண்பகம் வழக்கின் தீர்ப்பு எடுத்துக்காட்டும் ஆணையோ கல்லூரிச் சேர்க்கை பற்றியது. அது 14 இடங்களைப் பகிர்கிறது. இவற்றை ஒன்றெனக் கொள்ளும் ஆய்வு, பணி நியமனத்தையும் கல்விச் சேர்க்கையையும் குழப்பிவிடும்.

நூலகமும் ஆவணக்காப்பகமும்

எண்ணும் நாளும் துறையும் தெரிந்த பின்னரே சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தை அணுகுவது பயன்தரும். அரசாணையின் தலைப்பகுதியில் ‘படிக்கப்பட்டவை’ என்று முந்தைய ஆணைகளும் கடிதங்களும் பட்டியலிடப்பட்டிருக்கும். அப்பட்டியலைப் பின்னோக்கித் தொடர்ந்தால் கொள்கை உருவான வழி புலப்படும். நூல் வழங்கல் சட்டம், 1954இன்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் கன்னிமாரா பொது நூலகமும் ஒன்றாதலின், அக்கால, பிற்கால நூல்களை அங்கு ஒப்பிட இயலும்.

இணையவழிச் சான்றுகள்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. செண்பகம் வழக்கைத் தேடும் ஆய்வாளர், அதே நாளில் வெளியான வெங்கடரமணா வழக்கின் தீர்ப்பையும் உடன் படித்தல் வேண்டும். அது மாவட்ட முன்சீப் பணியிடங்கள் பற்றியது. பணி நியமனத்திற்கு அரசமைப்பின் 16(4)ஆம் உறுப்பு முன்பே இருந்தது. கல்விக்கு அத்தகைய விதி இல்லை. 1951ஆம் ஆண்டுத் திருத்தம் 15(4)ஆம் உறுப்பை ஏன் சேர்த்தது என்பது இரு தீர்ப்புகளையும் ஒருங்கு நோக்கும்போது தெளிவாகும். அத்திருத்தம் பற்றிய விவாதங்களை நாடாளுமன்ற மின்னணு நூலகத்தில் காணலாம்.

இணையத் தேடலில் சொல்லாட்சி முதன்மையானது. அக்கால ஆவணங்களில் ‘தாழ்த்தப்பட்ட வகுப்பினர்’, ‘ஹரிஜனர்’, ‘ஆதிதிராவிடர்’ என வெவ்வேறு சொற்கள் வழங்கின. இன்றைய சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் அவை அகப்படா. மேலும், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சில் சில எழுத்துகளின் வடிவம் வேறாதலின், கணினி அவற்றைப் பிழையாகப் படிக்கக்கூடும். தேடலில் கிட்டாத ஒன்றை ‘இல்லை’ என முடிவு செய்தல் பொருந்தாது.

கூற்றும் நடைமுறையும்

ஆணை அரசின் நோக்கத்தைச் சொல்லும். நடைமுறையை அதனைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. இக்காலக் கொள்கைகளுக்கும் இது பொருந்தும். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, அரசின் கூற்றாகும். அதனை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையோடும், தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன்வழிப் பெறும் விவரங்களோடும் ஒப்பிட்டே மதிப்பிடல் வேண்டும்.

முடிவுரை

நூலிலிருந்து ஆணை எண்ணுக்கும், எண்ணிலிருந்து மூல ஆவணத்திற்கும், அங்கிருந்து விவாதம், தீர்ப்பு, தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கும் செல்லும் படிநிலையே கொள்கை ஆய்வுக்கு உறுதியான தொடக்கமாகும். வழிவழியாக எடுத்தாளப்படும் செய்தி எத்துணைப் பேரால் சொல்லப்படினும், மூலத்தோடு ஒத்துநோக்கிய பின்னரே ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கதாகும்.