புது வீட்டில் குறைந்த அழுத்தக் கம்பிகள்

புது வீட்டின் தளம் வார்க்கப்படுமுன்பும், சுவர் பூசப்படுமுன்பும் தொலைபேசி, வாயிற் காமிரா, இணையம் முதலியவற்றின் கம்பிகளுக்கு வழி வகுத்தல் வேண்டும். வாயிற் காமிரா பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குவது. விளக்குக் கம்பியிலோ 230 வோல்ட் பாய்கிறது. இரண்டையும் ஒரே குழாயில் செலுத்தினால், மேலுறை பழுதுறும்பொழுது அந்த 230 வோல்ட்டும் சிறு கம்பியில் ஏறி, அதனைத் தொடுபவரின் உயிரையே போக்கக்கூடும். ஆதலின் இவற்றுக்குத் தனிக் குழாய் பதித்தல் இன்றியமையாதது.

இரு குழாய்களும் இணையாகச் செல்லுமிடத்தில் ஒரு சாண் இடைவெளியேனும் இருத்தல் நன்று. குறுக்கிடுமிடத்தில் செங்கோணத்தில் கடக்கச் செய்தால், மின்தூண்டலால் விளையும் இரைச்சல் குறையும். செம்பாலான இணையக் கம்பியின் நீளம் 100 மீட்டரை மிகலாகாது. குழாயினுள் இழுகம்பி ஒன்றை விட்டுவைத்தால், பிற்காலத்தில் சுவரை உடைக்காமலே புதுக் கம்பியைச் செலுத்தலாம்.