நகம் மாட்டினால் விரிசல்

கொளத்தூரில் மீன்தொட்டி ஒட்டும் பெரியவர் ஒருவர், நான் ஆட்டோவில் கொண்டுபோன மூன்றடித் தொட்டியை வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. முன் கண்ணாடியின் கீழ் மூலையில் மெல்லிய கோடு ஒன்று. கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே ஓட்டினார். நகம் மாட்டி நின்றது. செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தார். கண்ணாடியின் கனத்துக்குள்ளேயே வெள்ளித் தகடுபோல ஏதோ மின்னியது.

“கீறலா இருந்தா மேலோட நின்னுடும் சார். இது உள்ள போயிருக்கு.”

வீடு காலிசெய்த ஒரு குடும்பத்திடம் ஸ்டாண்ட், மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கியது. பாசி படிந்திருந்ததால் அன்று கோடு கண்ணில் படவில்லை. ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அந்த முன் கண்ணாடியை வெளிப்புறமாகத் தள்ளும் விசை மட்டும் சுமார் 95 கிலோ எடைக்குச் சமம். கண்ணாடியில் தொடங்கிய விரிசல் அந்த அழுத்தத்தில் நகர்ந்துகொண்டே போகும். மேலே சிலிக்கானைத் தடவிவிட்டால் கசிவு நிற்கலாம், விரிசல் நிற்காது.

உட்புறம் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினால் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். சிறிய விரிசலுக்கு அது சரி. என் தொட்டியில் கோடு கீழ் விளிம்பைத் தொட்டிருந்ததால் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிளேடால் மூட்டுகளை அறுத்து முன் கண்ணாடியையே எடுத்துவிட்டார். பழைய சிலிக்கானைத் துளி விடாமல் சுரண்டிய பிறகுதான் புதியது போட்டார். பழையதன்மேல் புதியது பிடிக்காதாம். பூஞ்சை பிடிக்காது என்று விற்கிற பாத்ரூம் சிலிக்கானைத் தொடவே கூடாது, அந்த மருந்து மீனைக் கொன்றுவிடும். புதிய சிலிக்கானின் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை தொட்டியைக் காயவிட்டோம். பிறகு மாடியில் தொட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மூன்று நாள் வைத்தேன். காகிதத்தில் ஈரப்பொட்டு ஒன்றுகூட இல்லை.

இத்தனை பாடு எதற்கு, புதுத்தொட்டியே வாங்கிவிடலாமே என்பவர்களும் உண்டு. அவரவர் வசதி.

மீன் இருக்கும்போதே தொட்டி விரிசல் விட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிற வீடுகளே அதிகம். அடுத்து, அதே தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு மீன்களை மாற்றுங்கள், ஃபில்டர் பஞ்சையும் அதிலேயே போடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் விட்டால் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

பக்கெட்டுக்குப் போன மீன் பிறகு எங்கே போகிறது? என் கவலையெல்லாம் அதுதான். தொட்டியை விற்ற வீட்டம்மா பெருமையாகவே சொன்னார்: “டேங்க் கிளீனர் ஒண்ணு பெரிசாயிடுச்சுங்க. பாவம்னு ஏரியில விட்டுட்டோம்.” பாவம் பார்த்துத்தான் விட்டிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அது தென்னமெரிக்க மீன். விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும். உடம்பு முழுக்க எலும்புக் கவசம். சாக்கடைபோல் கறுத்த தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து பொந்துக்குள் முட்டையிடும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவிவிட்டது. வலையில் சிக்கினால் முள் கிழித்துவிடும், கையில் வருகிற மீனுக்கோ விலை கிடையாது. கெண்டையும் கெளுத்தியும் எதிர்பார்த்து வலை வீசுபவருக்கு இரட்டை நஷ்டம்.

2022 டிசம்பர் 16 அதிகாலை, பெர்லினில் ஒரு ஹோட்டல் கூடத்தில் சுமார் பத்து லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள அக்ரிலிக் மீன்தொட்டி வெடித்தது. ஏறக்குறைய 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. உலகமே அதைப் பார்த்தது. நம் தெருவில் ஒரு தொட்டி விரிசல் விட்டு, அதிலிருந்த மீன் சாயங்காலம் பாலித்தீன் பையில் ஏரிக்கரைக்குப் போவதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு தொட்டி மீன்தானே என்று நினைக்கிறோம். ஏரியில் அது ஒரு தொட்டி மீனாக நிற்பதில்லை.

வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். காசு தரமாட்டார்கள், ஆனால் வாங்கிக்கொள்கிற கடைகள் இருக்கின்றன. பெரியவரின் பட்டறை வாசலில் நீலநிற டிரம் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். முழங்கை நீளத்தில் நான்கு டேங்க் கிளீனர்கள் அடியில் ஒட்டிக் கிடந்தன. தொட்டி ஒட்ட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனவையாம்.