இரங்கல் என்னும் சொல்

பெரியார் ஒருவர் மறைந்தால் 'இரங்கற் கூட்டம்' நடத்துகிறோம். அவ்வறிக்கையைச் சிலர் வல்லின றகரமிட்டு 'இறங்கல்' என்று எழுதிவிடுகின்றனர். இறங்குதல் மேலிருந்து கீழே வருதல். இரங்குதல் உள்ளம் நெகிழ்தல். ஓரெழுத்துப் பிழையால் துயரச் சொல் படிக்கட்டுச் சொல்லாகிவிடுகிறது!

இரங்குதலுக்குப் பழந்தமிழில் ஒலித்தல் என்ற பொருளும் உண்டு. முரசு இரங்கும், கடல் இரங்கும். வாய்விட்டுப் புலம்புவதும் இரங்குதலே. தொல்காப்பிய நெறியில் நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கலாகும். அலை ஓயாத கடற்கரைக்கு இச்சொல் எவ்வளவு பொருத்தம்!

வழக்கில் ஒரு நுட்பத்தையும் காண்க. 'மகனை இழந்து தாய் இரங்கினாள்' என்றால், துயரம் அவளுடையது. 'ஏழைக்கு இரங்கினான்' என்று நான்காம் வேற்றுமை சேர்ந்தால், பிறர் துயரம் நம்முடையதாகிறது. 'இரக்கம்' என்னும் பெயர் இவ்வழியில் வந்ததே. இரத்தல், அதாவது யாசித்தல், வேறு சொல், இரண்டையும் ஒன்றாக்கலாகாது.

கடலில்லாக் கொங்கு நாட்டிலும் இச்சொல்லுக்கு ஓர் இலக்கியம் உண்டு. பெருந்தலைச் சாத்தனார் கொங்கு நாட்டுப் பெருந்தலையூரினர் என்று கருதப்படுகிறார். அவர் பாடிய குமணனின் முதிரமலை, உடுமலைப்பேட்டையை அடுத்த குமரலிங்கம் பகுதியில் உள்ளதென்பர். புறநானூற்றின் 164-ஆம் பாடலில், சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. குழந்தையின் முகம் நோக்கித் தாயின் கண் கலங்குகிறது. அவள் துயரம் நோக்கிய புலவர் குமணனை நினைத்துப் புறப்படுகிறார். அழுகை தோன்றும் களங்களென இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைத் தொல்காப்பியம் வகுக்கிறது. இங்கே வறுமையே அழவைக்கிறது.

குமணனோ அப்போது நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தான். கொடுக்கப் பொருளில்லை. தன் தலைக்கு விலை கிடைக்குமென்று புலவரிடம் வாளை நீட்டினான். புலவர் அத்தலையைக் கொய்யவில்லை. வாளோடு சென்று தம்பியிடம் அண்ணனின் பெருமையைப் பாடினார். 165-ஆம் பாடல் அதுவே.

குழந்தைக்குத் தாய் இரங்கினாள். அவளுக்குப் புலவர் இரங்கினார். புலவருக்குக் குமணன் இரங்கினான். அழுகையாய்த் தொடங்கியது ஈகையாய் முடிந்தது. இரங்கற் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நிற்பது நன்று. மறைந்தவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று மறுநாள் சென்று பார்ப்பது அச்சொல்லின் முழுப்பொருளை அறிந்தவர் செயலாகும்.